மேலே பார்த்தால் ஆம்

அந்தப் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தேன். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனை, மூன்றாவது மாடி. செருப்பை வெளியே விட்டேன். காவலாளி பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். தினமும் கேட்கிறார், தினமும் எழுதுகிறார். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் பினாயில் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. மூட முடியாத வாய்களின் வாசனை.

உள்ளே பகல் தெரியாது. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். எந்திரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மூச்சு விட்டன. ஏழாவது கட்டிலின் எந்திரம் நிமிடத்துக்குப் பதினான்கு முறை.

அது என் மனைவியின் மூச்சு.

வினோதினிக்கு இருபத்தொன்பது வயது. கீரப்பாளையத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்தினாள். முதலில் சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. பிறகு நாக்கு குழறியது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் என்றார்கள். கடைசியில் மூச்சும் நிற்கும். மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும்.

பேச்சு முழுதாகப் போவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். சிதம்பரத்தில் நோட்டரி ஒருவரிடம் போய், மூச்சு நின்றால் தனக்குக் குழாய் போடக் கூடாது, போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும் என்று முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் யார் சம்மதம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரும் எழுத வேண்டும். அவள் என் பெயரை எழுதினாள்.

நோட்டரி கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தார். "வீட்டுக்காரர் மேல அவ்ளோ நம்பிக்கையாம்மா?"

"என் பேச்ச மீறி ஒரு டீ கூட குடிக்கமாட்டாரு சார்," என்றாள் வினோதினி. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

மூச்சு நின்ற அன்று அந்தக் காகிதம் என் பையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. குழாய் போடுங்கள் என்றேன். எனக்கு அவள் வேண்டும். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துத் தொண்டையில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் கண் விழித்தாள். உடம்பில் கண் மட்டும்தான் அசைந்தது. அந்த நாள் வரும் என்று தெரிந்து நாங்கள் வீட்டிலேயே ஒரு முறை வைத்துப் பழகியிருந்தோம். மேலே பார்த்தால் ஆம். கண்ணை மூடினால் இல்லை.

விழித்ததும் அவள் தொண்டைக் குழாயை உணர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.

அந்த வாரமே அவள் தம்பி இளவரசு திருப்பூரிலிருந்து வந்தான். கையில் அந்தக் காகிதத்தின் நகல். அவள் அவனுக்கும் ஒன்று அனுப்பி வைத்திருக்கிறாள்.

"இது ஒங்களுக்குத் தெரியாதா மாமா?"

"தெரியும்."

"அப்புறம்?"

அவன் நேராகத் தலைமை மருத்துவரிடம் போனான். மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நோயாளி விழித்திருக்கிறார், அதனால் முதலில் அவர் சொல்லைத்தான் கேட்க வேண்டும். கேட்பதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறதா என்று ஒரு மனநல மருத்துவர் பார்ப்பார். இருந்தால், அவர் சொல்வதுதான். இல்லாவிட்டால், காகிதத்தில் பெயர் உள்ளவரின் சம்மதம் வேண்டும்.

அதாவது என் சம்மதம்.

மனநல மருத்துவர் வருவதற்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டார்கள். புதன் என்றேன். ஏழாவது கட்டிலை வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஜான்சிக்குப் புதன்கிழமை விடுமுறை. மற்றவர்கள் வினோதினியை எதுவும் கேட்பதில்லை. திருப்பிப் போடுவார்கள், துடைப்பார்கள், போவார்கள். கேள்வி கேட்டவள் ஜான்சி மட்டும்தான்.

அந்தப் புதன்கிழமை நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, மனநல மருத்துவர் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தார். பொறுமையான மனிதர். உள்ளே போகும் முன் தாழ்வாரத்தில் என்னிடம் கேட்டார்.

"எப்படிப் பதில் சொல்றாங்க?"

இளவரசு அவன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். 

"கண்ண மூடினா ஆமா சார்," என்றேன். "மேல பாத்தா இல்ல."

அவ்வளவு எளிதாக வந்தது.

கட்டிலருகே அவர் குனிந்து, தன் பெயரைச் சொல்லி, எதற்கு வந்திருக்கிறார் என்று விளக்கினார். வினோதினியின் கண்கள் பளபளத்தன. பரீட்சைக்கு எல்லாம் படித்துவிட்டு வந்த பிள்ளையின் கண்கள்.

"ஒங்க பேரு வினோதினியா?"

மேலே பார்த்தாள்.

"இது பள்ளிக்கூடமா?"

கண்ணை மூடினாள்.

"நீங்க டீச்சர்தானே?"

மேலே.

மருத்துவரின் பேனா நின்றது. என் பக்கம் திரும்பினார். "மேல பாத்தா இல்லதானே?"

அவள் காதுபடக் கேட்டுவிட்டார்.

"ஆமா சார்," என்றேன்.

எந்திரம் மூச்சு விட்டது. ஒன்று. இரண்டு. அவள் கண்கள் மருத்துவரை விட்டு மெதுவாக என்னிடம் வந்தன. நான் கட்டிலின் கம்பியைப் பார்த்தேன்.

"கல்லு தண்ணியில மிதக்குமா?"

மேலே பார்த்தாள். புரிந்துகொண்டுவிட்டாள். என் பொய்யை அப்படியே எடுத்துக்கொண்டு, அதைத் தன் மொழியாக்கிப் பேசத் தொடங்கிவிட்டாள்.

"இவரு பேரு சேரனா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

கண்ணை மூடினாள்.

"இந்தக் குழாய எடுத்துடணுமா?"

மூடினாள். திறக்கவில்லை. இமைகளின் விளிம்பில் நீர் கோத்து, காதுப்பக்கம் இறங்கியது.

மருத்துவர் தன் தாளைப் பார்த்தார். முதல் மூன்றும் தப்பு. அடுத்த இரண்டும் சரி. ஐந்தும் தப்பாக இருந்திருந்தால் அவர் சந்தேகப்பட்டிருப்பார். எங்கோ தலைகீழாக மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பார். அவள் சட்டென்று பிடித்துக்கொண்டதுதான் அவளுக்கு எதிராகப் போனது. அவள் புத்தி தெளிவாக இருந்ததால்தான் புத்தி தெளிவில்லை என்று எழுதப்பட்டது.

"மாறி மாறி வருதே," என்றார். "இன்னொரு தடவ கேட்டுப் பாப்பமா?"

"களைச்சுட்டா சார். ரெண்டு நாளா தூக்கம் இல்ல."

அவர் தலையாட்டினார். முடிவெடுக்கும் திறன் தற்போது இல்லை என்று எழுதினார். அடுத்து என் முறை. நான் சம்மதம் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஜான்சி மருந்து ஏற்றிக்கொண்டே கேட்டாள். "ரிப்போர்ட்ட பாத்தேன் சார். மேல பாத்தா ஆமாதானே? என்கிட்ட அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"என்கிட்ட வேற மாதிரி."

அவள் என்னைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். மேலே கேட்கவில்லை. அவளுக்கும் வேலை வேண்டும்.

இளவரசுவிடமும் தலைகீழாகத்தான் சொல்லி வைத்திருந்தேன். அவன் அக்காவிடம் போய் என்னென்னவோ கேட்டான். அவனுக்கு எந்த முறையைச் சொல்லியிருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பதில் சொல்லவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் போகும்வரை திறக்கவில்லை.

அப்படி இருபத்து மூன்று நாள்.

பிறகு காய்ச்சல். சளி நுரையீரல் முழுக்கப் பரவியது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார் தலைமை மருத்துவர்.

வெளியில் போன உயிரைப் பிணமாக வீட்டுக்குள் கொண்டுவர எங்கள் பக்கம் யாரும் விரும்ப மாட்டார்கள். அதனால் எந்திரத்தைக் கழற்றிவிட்டு, குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, வழி நெடுகக் கையால் அழுத்திக்கொண்டே கொண்டுவருவார்கள். அழுத்தினால் மூச்சு. நடுக்கூடத்தில் இறக்கியதும் யாராவது பையைக் கழற்றிவிடுவார்கள். எந்தக் காகிதமும் இல்லாமல், எந்தச் சட்டமும் தெரியாமல், எல்லா ஊரிலும் இதைச் செய்கிறார்கள். வினோதினி ஒருத்திதான் முறையாக எழுதிக் கேட்டாள்.

பையை நான்தான் அழுத்தினேன். இளவரசு பைக்கில் முன்னால் போய்விட்டான். நண்பகல். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கொளஞ்சியப்பன் சைரன் போடவில்லை. சிப்காட் ரசாயன ஆலைகளின் வாசம் உள்ளே வந்து போனது. நான் அங்கேதான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த வாசம் என் சட்டைகளில் எப்போதும் இருக்கும் என்று வினோதினி திட்டுவாள்.

அழுத்து. விடு. அழுத்து. விடு.

ஆலப்பாக்கம் வந்தது. புதுச்சத்திரம் வந்தது. கொளஞ்சியப்பன் கண்ணாடி வழியாக என்னைப் பலமுறை பார்த்தார்.

"சார்," என்றார் மெதுவாக.

"என்ன?"

"போதும் சார். ஆலப்பாக்கத்துலயே முடிஞ்சுடுச்சு."

நான் அழுத்துவதை நிறுத்தவில்லை. மார்பு ஏறி இறங்கியது. நான் ஏற்றினால் ஏறியது.

"வுட்டுடுங்க சார். பாவம்."

சிதம்பரம் வீடு வரை அழுத்தினேன்.

தெரிந்த மருத்துவர் ஒருவர் வந்து நாடி பார்த்தார், மார்பில் குழல் வைத்துக் கேட்டார், விளக்கு அடித்துக் கண்ணைப் பார்த்தார். சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். மாமியார் லோகநாயகி அவள் இமைகளை வருடி மூடினார். கூடத்தில் ஊதுபத்தியும் சாமந்தியும் வியர்வையும் கலந்து கிடந்தன.

"குளிப்பாட்டிடலாமா மாப்ள?" என்று கேட்டார் மாமியார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வினோதினியின் இமைகள் பிரிந்தன.

விழிகள் மேலே போயின.

மாமியார் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும், "கண்ணு தெறந்துக்குது பாருங்க," என்று சொல்லி, குனிந்து மறுபடி மூடினாள். செத்தவர்களுக்கு அப்படி ஆவது உண்டு. நான் படித்திருக்கிறேன்.

"மஞ்ச பொடவையா, பச்சையா?" யாரோ கேட்டார்கள். இமைகள் அசையவில்லை.

"பச்சையே கட்டலாமா?"

திறந்தன. மேலே.

பச்சை அவளுக்குப் பிடிக்கும்.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என்னைத் தவிர யாரும் கேள்வியையும் கண்ணையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சுடுகாட்டில் வெயில் இறங்கவில்லை. வரட்டி அடுக்கி, அவளைக் கிடத்தி, வைக்கோல் பரப்பத் தயாராக நின்றார்கள். களிமண் குழைத்த வாசனை. "மூஞ்சி பாக்குறவுங்க பாத்துக்குங்க," என்றார் அங்கிருந்த ஆள். இளவரசு பார்த்துவிட்டு விலகிப் போய் முதுகைக் காட்டி நின்றான். நான் குனிந்தேன். அவள் காதுக்கு மிக அருகில் கேட்டேன்.

"வினோ. உசிரோட இருக்கியா?"

காத்திருந்தேன்.

இமைகள் பிரிந்தன.

மேலே.

அவள் முறைப்படி அது ஆம். நான் மருத்துவருக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி அது இல்லை. கடைசியாக அவள் பேசியது என் முறையில்தான். இப்போது எந்த முறையில் பேசுகிறாள்? புடவைக்குச் சொன்னது எந்த முறையில்? பச்சை வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா?

உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"மூடிடலாமா சார்?" என்றார் அந்த ஆள். "நேரம் ஆவுது."

மருத்துவர் நாடி பார்த்திருக்கிறார். சான்றிதழ் என் சட்டைப் பையில் இருக்கிறது.

"மூடுங்க," என்றேன்.

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போனேன். ஆய்வகத்தில் என்னோடு இருப்பவர் ஆண்டி அண்ணன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார்.

"தூக்கம்லாம் வருதா தம்பி?"

"வருதுண்ணே," என்றேன்.

"வருதுங்கிற. அப்புறம் ஏன் கண்ண இறுக்கி மூடுற?"

"மூடலயே."

"மூடினியே. நான் பாத்துட்டுதான இருக்கேன்." அவர் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். "நேத்தும் அப்பிடித்தான். சாப்புட்டியான்னு கேட்டேன், சாப்புட்டேன்னு சொல்லிக்கிட்டே கண்ண மூடுற. வூட்டுல யாரு சமைக்கிறான்னு கேட்டா பேசாம மொறைக்கிற. டூட்டிக்கு சம்பத்து வந்தானான்னு கேட்டதுக்கு மேல பாக்குற. அங்க என்ன, பல்லியா?"

நேற்று நான் சாப்பிட்டிருக்கவில்லை. சம்பத்து வந்திருந்தான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கைபேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தேன். ஐந்து மணி வெயில் முகத்தில் அடித்தது. பதிவை ஓடவிட்டு, கேமராவைப் பார்த்துக் கேட்டேன்.

"வினோ, நீயா?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கைபேசிதான் தெரிந்தது, கம்பி தெரிந்தது. நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை என் பார்வையில் வரவே இல்லை.

பதிவைப் போட்டுப் பார்த்தேன்.

என் முகம் கேட்கிறது. வாய் மூடுகிறது. பிறகு என் விழிகள் மெதுவாக மேலே ஏறுகின்றன. வெள்ளை மட்டும் தெரிகிறது. அப்படியே நிற்கிறது.

நான் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

நான்காம் மாதம் இளவரசு அக்காவின் புத்தகங்களை எடுத்துப்போக வந்தான். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தவனிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்வாரம், புதன்கிழமை, ஜான்சி, ஆறு கேள்விகள், பச்சைப் புடவை, வைக்கோலுக்கு முன் நான் கேட்டது. எதையும் விடவில்லை. அவன் கயிற்றின் முனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இத ஏன் இப்ப சொல்றீங்க?"

"யார்கிட்டயாவது சொல்லணும்."

"அப்ப ஒங்களுக்காகச் சொல்றீங்க." அவன் குரல் ஏறவில்லை. "எல்லாமே ஒங்களுக்காகத்தான் செஞ்சீங்க, இல்ல மாமா?"

அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கயிற்றை விட்டான்.

"மாமா."

"என்ன?"

"ஒங்க கண்ணு."

எழுந்து என் அருகில் வந்தான். என் முகத்துக்கு நேராக மண்டி போட்டான். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான்.

"அக்கா?" என்றான்.

பார்த்தான். மூச்சை இழுத்தான்.

"மேல பாத்தா ஆமாதானே அக்கா? நீ வச்சதுதானே?"

பார்த்தான். அவன் கண்கள் நிறைந்தன.

"அன்னிக்கு நெருப்பு வைக்கும்போது..." மறுபடி தொடங்கினான். "ஒனக்கு உசிரு இருந்துச்சா?"

நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள்காட்டி தெரிந்தது. அதில் தேதி தெரிந்தது.

இளவரசு வெகுநேரம் பார்த்தான். பிறகு என் தாடையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"என்ன சொன்னா?" என்றேன்.

அவன் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றத் தொடங்கினான்.

"மேலயா, மூடினாளா? சொல்லு இளவரசு."

"சொல்லமாட்டேன்."

"அடிக்கணும்னா அடி."

"ஒங்கள அடிச்சா அக்கா மூஞ்சியிலதான் படும்," என்றான். முகம் கழுவிக்கொண்டான். புத்தகப் பெட்டிகளை எடுக்காமலே போய்விட்டான்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது.

"காதுல பஞ்சு வச்சுக்குங்க மாமா," என்றான். "நல்லா அடைச்சுக்குங்க. ஒங்ககிட்ட பேச வரல."

அடைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? அவன் உதடுகள் அசைந்தன. என் கண்களைப் பார்த்தான். மறுபடி அசைந்தன. அரை மணி நேரம். பிறகு கையசைத்துவிட்டு வைத்துவிட்டான். கையசைத்தது எனக்கு இல்லை.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அழைக்கிறான். சில நாள் மாமியாரும் பக்கத்தில் இருக்கிறார். அழுகிறார், எதையோ தட்டில் எடுத்துக் காட்டுகிறார், புதுத்துணி காட்டுகிறார். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன பதில் சொல்கிறேன் என்றும் தெரியாது. நேராக உட்கார்ந்திருக்க வேண்டும், அசையக் கூடாது. முதுகு வலித்தாலும் அவர்கள் முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை. என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

நேற்று ஏதோ சொல்லிவிட்டு இளவரசு சிரித்தான். அவள் போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான். மாமியாரும் சிரித்தார். இருவரும் என் முகத்தையே பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அவர்கள் பார்வை கண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தது.

நான் கையை உயர்த்தி என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

கன்னம் இரண்டும் மேலே ஏறியிருந்தன. பற்கள் விரலில் தட்டின.